நேராகப் போவதற்கு நாலு விளக்கு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கின் சிமெண்ட் முற்றத்தில் அப்பா இருந்தார். அவரைப் போலவே கம்பெனி வேன் ஓட்டும் இன்னும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பயிற்சி கொடுக்க வந்த மேடம் இருந்தார். தலையில் தொப்பி, கையில் சாக்பீஸ், முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அப்பாவுக்குக் கேள்விகளைப் படித்துக் காட்டுவதற்காக நான் இருந்தேன். வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் சித்தப்பா. அவரும் அதே காண்டிராக்டரிடம்தான் வேன் ஓட்டுகிறார். இன்னொருவர், மண்ணூர்பேட்டைப் பக்கம் ஒரு நாற்சந்தியில் அப்பாவின் வேன் இடித்துக் கீழே விழுந்த ஸ்கூட்டிக்காரப் பெண். அவர் வர வேண்டிய தேவை இல்லை. ஆனால் நாங்கள் எல்லோரும் அங்கே வந்து நின்றது அவரால்தான்.

அப்பாவின் ரூட் பூந்தமல்லியில் தொடங்கும். வேலப்பன்சாவடியிலும் நூம்பலிலும் நிறுத்தி ஆட்களை ஏற்றிக்கொண்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி வாசலில் இறக்கிவிட வேண்டும். மாலையில் அதே ஆட்களைத் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். அந்த ரூட்டில்தான் எங்கள் குடும்பம் ஓடியது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். போனது அந்த வேன் சம்பளத்தில். அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வரும். ரோட்டோரப் பலகைகளை எழுத்தாகத் தெரியாது, படமாகத் தெரியும்.

விபத்து பெரிதாக ஒன்றும் இல்லை. சந்தியில் ஒரு ஷேர் ஆட்டோ வலது பக்கம் திரும்புவதற்காக வேனுக்கு முன்னால் மூக்கை நீட்டி நின்றது. அப்பா அதன் இடது பக்கமாக ஒடித்து நேராகப் போனார். இடது பக்கச் சந்திலிருந்து அந்தப் பெண் வந்தார். வேனின் மூலை ஸ்கூட்டியின் முன் சக்கரத்தில் பட்டு அவர் சாய்ந்து விழுந்தார். முழங்கையில் சிராய்ப்பு, ஒரு பக்கக் கண்ணாடி போயிற்று. அப்பாவே கிளினிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட வைத்தார்.

வீட்டுக்கு வந்தும் அவருக்கு ஆறவில்லை.

"நேரா போறேன்னு நாலு இண்டிகேட்டரும் போட்டுகினுதான்டா போனேன். பாக்காம வந்துடுச்சி அந்தப் பொண்ணு. கேட்டா, நீ லெப்ட்டு போட்டியேன்னுது. நான் எங்கடா லெப்ட்டு போட்டேன்?"

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வண்டி பழுதாகி நின்றால் போடுவதற்காக, சிவப்பு முக்கோணம் போட்ட ஒரு சுவிட்ச் உண்டு. அழுத்தினால் நாலு இண்டிகேட்டரும் ஒன்றாக மின்னும். எங்கள் பக்கம் அதற்கு வேறு வேலை. இடது போட்டால் இடது, வலது போட்டால் வலது, நாலும் போட்டால் நேராகப் போகிறேன் என்று அர்த்தம். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அப்பா லாரியில் கிளீனராக இருந்தபோது அவருடைய டிரைவர் போட்டார், பார்த்து வந்தது. சித்தப்பா அப்பாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். சந்தி வந்தால் அவர்கள் கை தானாக அந்த முக்கோணத்துக்குப் போகும்.

வேனில் இருந்த ஆட்கள் மூலமாகக் கம்பெனிக்குச் செய்தி போயிற்று. கம்பெனி காண்டிராக்டரைப் பிடித்தது. எல்லா டிரைவர்களும் மறுபடி பயிற்சி எடுக்க வேண்டும், மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும், முதல் பேட்ச் ஏற்கெனவே எங்காவது இடித்தவர்கள், பிறகு மற்றவர்கள். பாஸ் ஆகாதவருக்கு ரூட் கிடையாது. பயிற்சிக்கான பணம் அவரவர் கையிலிருந்து.

சித்தப்பா அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து நாற்காலியில்கூட உட்காரவில்லை.

"ரோட்ல பள்ளம் கீது. லைட்டு எரியல. மாடு படுத்துகினு கீது. அதுக்கெல்லாம் எவன் டெஸ்ட்டு வெக்கிறான்? இத்தினி வருஷம் ஓட்னவன இட்டுகினு போயி எட்டு போடுன்னா, இன்னாத்துக்குப் போடறது?"

நான் வேலை செய்யும் ஆபீசில் வருடத்துக்கு ஒருமுறை மணி அடித்து எல்லோரையும் மாடியிலிருந்து இறக்கித் தீ விபத்துப் பயிற்சி கொடுப்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கே அது உண்டு. முப்பது உயிர்களை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு டெஸ்ட் போதுமா என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அதை அப்படியே சொன்னால் பிரசங்கம் மாதிரி இருக்கும். அதனால் கேள்வியாகக் கேட்டேன்.

"சித்தப்பா, நீங்க லைசென்ஸ் எடுத்தப்ப என்ன டெஸ்ட் வெச்சாங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தப் புளிய மரம் வரைக்கும் ஓட்டுன்னாரு. ஓட்னேன். எறங்குன்னாரு. எறங்கிட்டேன்."

"சந்தில எப்படிப் போறதுன்னு பாக்கலையா?"

"அங்க எங்கடா சந்தி? மரந்தான் இருந்திச்சி."

அப்பாவுக்கு எட்டுப் போடுவதைப் பற்றிக் கவலை இல்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் போடுவார். படிக்கத் தெரியாது என்று எல்லோர் முன்னாலும் தெரிந்துவிடுமே என்பதுதான் கவலை. மேடத்திடம் நான் போனில் கேட்டதற்கு, யாராவது கூட வந்து படித்துக்காட்டலாம், பதில் மட்டும் அவர் வாயிலிருந்து வர வேண்டும் என்றார்.

அப்படித்தான் முற்றத்து நிழலில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நான் மெதுவாகப் படித்தேன். "சந்திப்பை நெருங்கும்போது மஞ்சள் விளக்கு எரிந்தால் என்ன செய்ய வேண்டும்?"

"ஆருக்குக் கேக்குறான்? எனக்கா, பின்னாடி வர்ற பஸ்காரனுக்கா?"

"உங்களுக்குத்தான்ப்பா."

"நான் நின்னுடுவேன். அவன் நிப்பானான்னு அவன்ட்ட யாரு கேக்குறது?"

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். மேடமும் சிரித்துவிட்டு, "அதுக்குத்தாண்ணா எல்லாரையும் ஒவ்வொருத்தரா கூப்பிடுறோம்" என்றார். சிரித்தாலும் அப்பா கேட்டதில் நியாயம் இருந்தது. ஒரே ஒருவர் மட்டும் திருந்தினால் அவர் முதுகில்தான் இடி விழும். அப்பா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ஒன்றிரண்டு போக மீதி சரி.

அதன் பிறகுதான் மேடம் எங்களை வெயிலுக்குக் கூப்பிட்டார். சிமெண்ட் தரையில் சாக்பீஸால் ஒரு நாற்சந்தி போட்டிருந்தார். அப்பாவின் வேனை ஒரு தெரு முனையில் நிறுத்தி, அதன் முன்னால் வலது பக்கமாக இன்னொருவரின் வேனை நிற்க வைத்தார். அது அந்த ஷேர் ஆட்டோ. எங்களுக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

"அண்ணா, நீங்க இப்டி வாங்க" என்று அப்பாவை இடது பக்கச் சந்து முனையில் கொண்டுபோய் நிறுத்தினார். "உங்களாண்ட ஒரு ஸ்கூட்டி கீதுன்னு வெச்சிக்கங்க." பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, வேன்ல ஏறி நேரா போறதுக்கு அப்பா என்ன போடுவாரோ அதைப் போடு" என்றார்.

நான் ஏறி முக்கோணத்தை அழுத்தினேன். டக், டக், டக் என்று உள்ளே சத்தம்.

"அண்ணா, அந்த வண்டி எங்க போவுது?"

"லெப்ட்ல" என்றார் அப்பா.

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கண்ணாடி வழியாக அவர் முகத்தைப் பார்த்தேன். தலையைச் சாய்த்து, வேனின் வலது பக்க விளக்கைத் தேடினார். முன்னால் நின்ற வண்டி அதை மறைத்திருந்தது. அவருக்குத் தெரிந்தது இடது பக்க விளக்கு ஒன்றுதான். அது அவரைப் பார்த்து மின்னிக்கொண்டே இருந்தது.

ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் வந்து அந்த இடத்தில் நின்று பார்த்தார்கள். வயதான டிரைவர் ஒருவர் கேட்டார்: "சரி மேடம். அப்போ நேரா போறதுக்கு இன்னா போடணும்?"

"ஒண்ணும் போட வேணாம்ண்ணா."

"ஒண்ணுமே போடாம போனா எதிர்ல கீறவனுக்கு எப்டித் தெரியும்?"

"ஒண்ணும் போடலன்னா நேரா போறீங்கன்னு அர்த்தம்."

"இம்மாம் பெரிய வண்டில இத்தினி லைட்டு வெச்சிட்டு ஒண்ணும் போடாதன்றீங்க" என்றார் அவர். மனமில்லாமல் ஒத்துக்கொள்வது போல இருந்தது.

மதிய சாப்பாட்டுக்கு முன்னால் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் போடு" என்றார். கிளினிக்கில் வாங்கிய நம்பர் இருந்தது. போட்டுக் கொடுத்தேன்.

"அம்மா, நாந்தான் வேன்காரன். நீ லெப்ட்டுன்னு சொன்னியே, அது கரெக்ட்டும்மா. எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சிது."

அந்தப் பெண், "பரவால்லண்ணா. எங்க ஊட்டுக்காரரும் கார்ல அதேதான் போடுவாரு. இன்னிக்கே சொல்றேன்" என்றார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு ஓட்டிக் காட்டும் டெஸ்ட். அப்பா வண்டியை எடுத்தார், வளைத்தார், பின்னால் எடுத்து நிறுத்தினார், எல்லாம் அழகு. சாக்பீஸ் சந்திக்கு வந்தார். நான் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாலு விளக்கும் மின்னின.

இறங்கி வந்தவர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும்டா. ஆனா கை போயிடுச்சி."

மேடம் ஃபெயில் போட்டார். அவர் முகத்திலும் வருத்தம்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொரு வாய்ப்பு. அதுவரை அப்பா வண்டியைத் தொடக்கூடாது, அதிலும் தவறினால் ரூட் வேறு ஆளுக்கு என்று காண்டிராக்டர் சொல்லிவிட்டார். டெஸ்ட் மட்டும் வைத்துவிட்டு அனுப்பினால் என்ன ஆகும் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. தலைக்குத் தெரிந்தது கைக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கு டெஸ்ட் போதாது, பழக்க வேண்டும். ஆனால் டெஸ்ட் இல்லாவிட்டால் கைக்குத் தெரியவில்லை என்பதே தெரிந்திருக்காது.

பழகுவதற்கு வண்டி வேண்டுமே. சித்தப்பா விஷயம் கேட்டுவிட்டுச் சத்தம் போட்டார். யார் மேல் கோபம் என்று அவருக்கே தெரியவில்லை. மறுநாள் சாயங்காலம் ஆட்களை இறக்கிவிட்ட கையோடு தன் வேனை எங்கள் தெருவில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"வாண்ணா. நீ ரூட்ட உட்டா நான் தனியா அந்த ரோட்ல இன்னா பண்றது?"

நூம்பலில் வீட்டுமனைக் கல் நட்டிருந்த காலி நிலம் ஒன்று. மனைகளுக்கு நடுவே போட்ட மண் பாதைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போவதால் எங்கே பார்த்தாலும் சந்திதான். பொழுது இறங்குவதற்குள் அப்பா அதில் சுற்றுவார். சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். அப்பாவின் கை முக்கோணத்துப் பக்கம் போனால் பட்டென்று ஓர் அடி.

"அண்ணனாச்சே, மெதுவா அடிடா."

"கம்பெனிக்காரன் வயித்துல அடிப்பான், பரவால்லியா?"

இரண்டு நாளில் சித்தப்பாவுக்குக் கை வலித்தது. அப்பா மெடிக்கல் ஷாப்பில் பிளாஸ்திரி வாங்கி வந்து அந்த சுவிட்ச் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினார். விரல் போனாலும் சொரசொரப்புப் பட்டுத் திரும்பிவிடும். அந்த வாரக் கடைசியில் விரல் போவதே நின்றது. பகலில் அந்த வேனை ஓட்டியது சித்தப்பா. அவர் பிளாஸ்திரியைப் பிய்க்கவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாதான் எங்களைக் கிடங்குக்குக் கூட்டிப்போனார். அப்பா சந்தியைக் கடந்தபோது வேனில் ஒரு விளக்கும் மின்னவில்லை. ஒன்றும் நடக்காததைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். மேடம் பேப்பரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். திங்கட்கிழமையிலிருந்து ரூட் அப்பாவுக்கே.

ரோட்டில் இன்றும் மாலை நேரத்தில் சந்தி தோறும் நாலு விளக்கோடு வண்டிகள் போகின்றன. முன்பு அது என் கண்ணில் பட்டதே இல்லை, இப்போது பட்டுக்கொண்டே இருக்கிறது. ஆனால் அப்பாவின் காண்டிராக்டருடைய வேன்களில் அது இல்லை. அந்த ஸ்கூட்டிப் பெண்ணின் வீட்டுக்காரர் காரிலும் இல்லாமல் இருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிடங்கிலிருந்து திரும்பி வரும்போது சித்தப்பா, தன் பேட்ச் எப்போது என்று மேடத்திடம் விசாரித்துவிட்டு வந்ததைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். பிறகு கேட்டார்.

"ஆமா, உனுக்கு மொத்தம் எவ்ளோ ஆச்சி?"

அப்பா என் பக்கம் திரும்பி, "நீ கூட்டுடா" என்றார். அந்தப் பெண்ணின் கட்டுக்கும் கண்ணாடிக்கும் கொடுத்தது, பயிற்சிக்குக் கட்டியது, இரண்டாவது டெஸ்ட்டுக்குக் கட்டியது, ஓட்டாத ஆறு நாள் சம்பளம் என்று அவர் சொல்லச் சொல்லக் கூட்டினேன்.

"என் வண்டில ஒட்னியே, அந்தப் பிளாஸ்திரியையும் சேத்துக்கோ" என்றார் சித்தப்பா.

பிளாஸ்திரியோடு சேர்த்து ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு ரூபாய்.