கதவோடு நின்ற கார்

போன முறை அவள் செய்த தப்பு, விலை பேசுவதற்கு முன்னால் தான் வரைந்த காரின் முழுப் படத்தையும் மேஜையில் விரித்துவிட்டதுதான். பட்டறைக்காரர் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டு, "யோசிச்சு சொல்றேம்மா" என்றார். சில மாதம் கழித்து அந்தக் கார், அவள் வரைந்த அதே மூக்கோடும் அதே நெளிவோடும், அவள் தெரு வழியாகவே போனது. அவளுக்குக் கிடைத்தது அது கிளப்பிய புழுதிதான்.

ஆனாலும் பழைய கார்களுக்குப் புது உருவம் கொடுக்கும் பட்டறை ஊரில் அது ஒன்றுதான். இந்த முறையும் வெறுங்கையோடு திரும்பினால், படம் வரைவதை மூட்டை கட்டிவிட்டு அக்காவோடு அட்டைப்பெட்டி ஒட்டப் போவதாக அம்மாவிடம் ஒப்புக்கொண்டிருந்தாள். துணைக்கு அக்காவே வந்திருந்தாள். இவளுக்கு நாலு பேர் முன்னால் வாய் எழாது. அக்காவுக்கோ வாய் நிற்காது.

பட்டறைக்காரர் சுருளைப் பிரித்தார். காரின் முன்பக்கம் பளபளத்தது. கதவுக்குப் பின்னால் வெறும் வெள்ளைத் தாள்.

"மீதி எங்கம்மா? எலி தின்னுடுச்சா?"

"விலை பேசிட்டு வரையறேண்ணே. பதினஞ்சாயிரம். ரெண்டு தடவை மாத்தித் தருவேன். அதுக்கு மேலன்னா தனி."

வீட்டில் சுவரைப் பார்த்துச் சொல்லிப் பழகியது அவ்வளவுதான். அதற்கு மேல் அவளிடம் சரக்கு இல்லை.

"காருக்கு விலை சொல்றியா, காகிதத்துக்கா?"

அவள் தரையில் கிடந்த போல்ட்டையே பார்த்தாள். அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "அண்ணே, சின்னப் பொண்ணு, நீங்களா பாத்து..."

அவள் அக்காவின் கையைக் கிள்ளினாள். அழுத்தியே கிள்ளினாள்.

பட்டறைக்காரர் சாக்பீஸோடு, பெயின்ட் சுரண்டி நிறுத்தியிருந்த காரிடம் போனார். மீதியைத் தானே போட்டுப் பார்க்க, படத்திலிருந்த கூரைக் கோட்டை அதன் மேல் பின்பக்கம் வரை இழுத்தார். பெட்டி மாதிரி வந்தது. துடைத்தார். மறுபடி இழுத்தார். இது தேவலை போலிருந்தது. தள்ளி நின்று பார்த்தவர், உச்சுக்கொட்டி அதையும் துடைத்தார்.

"பத்து வாங்கிக்க."

"பத்துன்னா கதவோட நின்னுடும்ண்ணே."

சொன்னது தான்தான் என்பதே அவளுக்குப் பிறகுதான் உறைத்தது.

அவர் சிரிக்கவில்லை. "இந்தக் காரோட சொந்தக்காரர் இப்ப வந்துடுவார். அவர் கண்ணு முன்னால இங்கேயே உக்காந்து முடி. பிடிச்சா பதினஞ்சு. இல்லன்னா ஒண்ணும் கிடையாது."

யாராவது பார்த்தால் அவளுக்குக் கை ஓடாது. அம்மா எட்டிப் பார்த்தாலே பென்சிலைக் கீழே வைத்துவிடுவாள். வாசலில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது.

"பாதி முன்பணம் குடுங்கண்ணே. பிடிக்கலைன்னாலும் அது எனக்கு. இப்பவே உக்காந்துடறேன்."

அவர் வாசலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கல்லாவைத் திறந்தார்.

பணத்தை அக்காதான் வாங்கிக்கொண்டாள். இவள் பென்சிலைச் சீவிக்கொண்டு தாளின் முன்னால் உட்கார்ந்தாள்.