பசை தொடாத ரெஜினா அக்கா

ஞாயிறு பூசை முடிந்து பெங்களூரு அல்சூர் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது அந்தோணியின் அழைப்பு வந்தது. "அக்கா போயிட்டாங்க லில்லி, தூக்கத்துலயே" என்றார். அவர் ரெஜினா அக்காவின் தம்பி. மீனை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவந்தேன். வீடு சேர்வதற்குள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் இன்னொரு செய்தி. எதிர் அடுக்குமாடியின் செயலாளர் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டு, அதன் கீழேயே கேட்டிருந்தார்: இனியாவது அந்தச் சுவரைச் சுத்தம் செய்துவிடலாமா? எனக்கு அழுகை நின்று கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபம் இன்னும் ஆறாமல்தான் இதை எழுதுகிறேன்.

அக்காவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்தவர். ஓய்வு பெற்றதும், எங்கள் தெருக்கோடியில் பூட்டிக்கிடக்கும் கிடங்கின் சுவரைத் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டார். தெருவில் கிடைத்தது, மரத்திலிருந்து விழுந்தது, வீடுகளில் உடைந்தது எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி, அதில் ஒரு காட்டையே எழுப்பினார். கிளையிலிருந்து ஒரு காயைக்கூடப் பறிக்க மாட்டார். விழும்வரை காத்திருப்பார்.

முதலில் என்னிடம் வந்தபோது, "உடைஞ்சது, ஆனா தூக்கிப்போட மனசு வராதது ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார். பழைய தையல் மெஷினின் சக்கரத்தைக் கொடுத்தேன். சுற்றிலும் நீளமான குல்மொஹர் காய்களை வைத்துக் கட்டியதும் அது சூரியனாகிவிட்டது. "லில்லி, உங்க மெஷின் இப்ப வெயில் தைக்குது பாருங்க" என்று சிரித்தார்.

பசையைத் தொடவே மாட்டார். எல்லாம் கட்டுக்கம்பிதான். கம்பிக்கட்டு மழையில் தாங்குமா என்று கேட்டேன். "பசை போட்டா அது என்னுதாயிடும். கம்பியில கட்டினா குடுத்தவங்களுதாவே இருக்கும். வேணும்னா அவுத்து எடுத்துட்டுப் போகட்டும்" என்றார். எங்கள் தெருவின் சாந்தம்மா அப்படியே செய்தார். வீட்டுக்கு விருந்தாளிகள் வந்த ஒரு நாள், சுவரில் பெரிய இலையாக இருந்த தன் இட்லித் தட்டை அவிழ்த்துக்கொண்டு போய், மறுநாள் கழுவித் திரும்பக் கட்டினார். அக்காவுக்கு அதில் அப்படியொரு மகிழ்ச்சி.

ஒரு மழைக்காலத்தில் எங்கிருந்தோ விழுந்த அவரை விதை முளைத்து, சுவரில் கட்டியிருந்த ஒரு சைக்கிள் சக்கரத்தில் ஏறிக்கொண்டது. சிலர் வெட்டச் சொன்னார்கள். "அதுவும் நம்ம தெரு ஆளுதான், இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

பிறகு எதிரே அடுக்குமாடி எழுந்தது. அதன் செயலாளரும் தமிழர்தான், ஆனாலும் குப்பையைக் கன்னடத்தில் கசா என்றுதான் சொல்வார். "மேடம், இது கசா. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க, எடுத்துடலாம்" என்றார். அக்கா குரலை உயர்த்தவில்லை. "எது கசா? இந்தத் தட்டு சாந்தம்மாவோடது. அவங்க வீட்டுக்குப் போய், உன் தட்டு கசான்னு சொல்லிட்டு வாங்க, நானே கழட்டறேன்" என்றார். அவர் போகவில்லை. அக்கா இருந்தவரை யாரும் சுவரைத் தொடவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாளே சுவரைச் சுத்தம் செய்ய மாநகராட்சி லாரி வந்தது. சுவர் அரசாங்கத்தினுடையது என்றார்கள். அது உண்மைதான், வாதாட எங்களிடம் ஒன்றுமில்லை. அந்தோணி முதலில் போய்த் தன் பொருளை அவிழ்த்தார். பிறகு நான், பிறகு தெருவே வந்தது. அவரவர் பொருளை அவரவர் வாசல் கதவிலும் ஜன்னல் கம்பியிலும் கட்டினோம். சுவரில் காய்களும் பட்டைகளும் மட்டும் மிஞ்சின. "இதெல்லாம் யாருது?" என்று லாரிக்காரர் கேட்டார். "மரத்துது. போய் மரத்தைக் கேளப்பா" என்றார் சாந்தம்மா. அவற்றையும் பங்கிட்டுக்கொண்டோம். லாரி காலியாகத்தான் திரும்பியது.

சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். அடிக்கட்டும். முன்பு ஒரு சுவரோடு நின்றிருந்த காடு இப்போது தெரு முழுக்கப் பரவியிருக்கிறது. அகற்ற நினைப்பவர் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, எங்கள் முகத்தைப் பார்த்துக் கசா என்று சொல்ல வேண்டும்.

கல்லறையில் சாமியார் உங்களை இளைப்பாறச் சொன்னார் அக்கா. நான் சொல்ல மாட்டேன், உங்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ஒன்றை மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள். இன்று காலை அந்த அடுக்குமாடியின் பெரிய இரும்புக் கதவில் யாரோ ஓர் உடைந்த குடையை விரித்துக் கட்டியிருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தேன். கட்டுக்கம்பிதான்.