வரகுக்கோழிக்கு மோட்டார் ஆகாது

போன புதன்கிழமை நம்ம மாட்டு டாக்டரிடம் ஒரு வார்த்தையை விட்டேன். "சார், என் கரிசல்காட்டுப் புல்லுக்குள்ள ஒரு பறவை நிக்கி. நீளக் கழுத்து, நெட்டைக் கால். பெட்டை மயில்தான்... ஆனா ஒரு தினுசா இருக்கு!"

டாக்டருக்குப் பறவைப் பைத்தியம். துள்ளி எழுந்துவிட்டார். "அண்ணாச்சி, நாளைக்குக் காலையிலேயே காட்டிருங்க. மதியம் பஸ் ஏறணும். தர்மபுரிக்கு மாற்றல். விட்டா, பார்க்கவே முடியாது."

"நான் காட்டுதேன்!"

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பருத்தி வியாபாரத்தில் முன்னுக்கு வந்து, எங்கள் தெருவில் முதல் மோட்டார் சைக்கிள் வாங்கியவன். என் காட்டுப் பறவையைக் காட்டத் தெரியாதா?

மறுநாள் காலையில் டாக்டரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். வரப்பை நெருங்குவதற்குள்... விர்ர்! பறவை தூரத்துப் புல்லில் போய் இறங்கிவிட்டது. இறங்கி நடந்தோம் — மறுபடியும் விர்ர்! டாக்டர் வாட்சைப் பார்க்கிறார். என் மீசை தொங்குகிறது.

"மாட்டு வண்டின்னா அவ்வளவா பயப்படாதுன்னு படிச்சிருக்கேன்" என்றார் மெதுவாக.

வண்டிக்கு எங்கே போவது? பக்கத்துக் காடு என் மச்சானுடையது. 'இன்னும் மாட்டு வாலைப் பிடிச்சுக்கிட்டு அலையுதீரே' என்று டீக்கடையில் எல்லார் முன்னாலும் நான் கேலி பண்ணிய அதே வண்டி, வேப்பமரத்தடியில் பூட்டி நிற்கிறது!

போய்க் கேட்டேன். மச்சான் சிரிக்கவே இல்லை — அதுதான் கொடுமை.

"என்ன அத்தான், உங்க மோட்டாருக்கு இன்னைக்குத் தண்ணி காட்டலையா?"

"பேசாம வண்டிய விடும்வே!"

"ஏறுங்க. மாட்டு வால் மேல பட்டா கோவிச்சுக்கப்பிடாது."

வண்டி கடகடவென்று புல்லோரமாகப் போனது. பறவை தலையைத் தூக்கியது. எங்களை ஒரு பார்வை பார்த்தது. பிறகு அது பாட்டுக்கு வெட்டுக்கிளியைக் கொத்த ஆரம்பித்துவிட்டது!

டாக்டர் பைனாகுலரைக் கண்ணில் வைத்தார்.

"மயிலுக்குக் கொண்டை இருக்கும். இதுக்கு இல்ல. முதுகெல்லாம் வரி வரியா... அண்ணாச்சி, இது வரகுக்கோழி! எத்தனை வருஷமாத் தேடுறேன் தெரியுமா?"

"நான் அப்பவே நினைச்சேன்" என்றேன்.

"மயிலுன்னுல்லா நினைச்சிய?" என்றான் மச்சான், மாட்டைப் பார்த்துக்கொண்டே.

வேகமாகப் போனால் எல்லாம் கிட்ட வரும் என்றுதான் இத்தனை நாள் நம்பியிருந்தேன். சிலது நம் வேகத்தைப் பார்த்தே ஓடிவிடுகிறதே!

டாக்டர் சிரித்த முகமாகப் பஸ் ஏறினார். ஊர் முழுக்க நானே சொல்லிவிட்டேன் — வரகுக்கோழியைக் கண்டுபிடித்தது நான்தான்.

வண்டி மட்டும்... மச்சானுடையது.