குழிக்கு மேலே தொங்கிய தொட்டி

ஏற்காட்டில் நாங்கள் மிளகும் காபித்தூளும் விற்கிற கடை வைத்திருக்கிறோம். வீடு கொட்டச்சேடு போகும் ரோட்டில், சரிவை வெட்டிச் சமன்படுத்திய இடத்தில் இருக்கிறது. போன வருஷம் வீட்டுக்குப் பின்னால் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட இரண்டு அறை கட்டினோம். அவற்றுக்கான குளியலறையை ஒட்டினாற்போல் தனியாக எழுப்பி, மேலே சிமென்ட் ஷீட் போட்டிருந்தோம். உள்ளே டைல்ஸ் வேலை நடந்துகொண்டிருந்தது. செப்டிக் டேங்கை மட்டும் செங்கல் வைத்துக் கட்ட முடியவில்லை. மழை விடவே இல்லை. குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. சேலத்தில் வார்த்து விற்கிற கான்கிரீட் தொட்டியை வாங்கி இறக்கிவிடலாம் என்று என் வீட்டுக்காரர் முடிவு செய்தார்.

லாரியில் அது வந்து நின்றதும் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். தொட்டி என்று சொன்னதை வைத்து நான் மனதில் நினைத்திருந்த அளவு வேறு. இது ஒரு சமையலறை அளவுக்கு இருந்தது. அடிவாரத்திலிருந்து அத்தனை வளைவுகளிலும் அதை ஏற்றிக்கொண்டு வந்த டிரைவர், இறங்கியதும் குடிக்கத் தண்ணீர் கேட்டார். சொம்பை ஒரே மூச்சில் காலி செய்தார்.

பொக்லைன் ஓட்ட வந்தவர் கிளியூர்க்காரர். எங்கள் கடைக்கு மிளகு போடுகிற குடும்பம். குழியைத் தோண்டியவரும் அவர்தான். குழியின் ஓரத்தைக் காலால் மிதித்துப் பார்த்தார்.

"ஏனுங்க பாய், மண்ணு நொம்ப ஈரமா இருக்குதுங்க. ரெண்டு நாள் காயட்டுமே?"

"மறுபடி மழை வந்தா குழியே தூந்துரும் தம்பி. லாரியையும் நிறுத்தி வெக்க முடியாது. பலகை போட்டு எறக்கிரலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

பலகைகளைப் போட்டு அவற்றின்மேல் பொக்லைனை ஏற்றினார்கள். தொட்டியின் நான்கு மூலைக் கொக்கிகளிலும் இரும்புக் கயிறு மாட்டி, பொக்லைனின் கையில் தொங்கவிட்டார்கள். தொட்டி லாரியை விட்டு எழும்பியதும் லாரியே ஒருமுறை குலுங்கி மேலே வந்தது. நான் பின்வாசலில் நின்று துப்பட்டாவின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தேன்.

தொட்டி குழியை நெருங்கும்போது ஓரத்திலிருந்து ஒரு கல் உருண்டு உள்ளே விழுந்தது. அடியில் சமமாகப் பரப்பிய மணலின் நடுவே போய் உட்கார்ந்தது. கல்லின்மேல் தொட்டி உட்கார்ந்தால் விரிசல் விட்டுவிடும். என் வீட்டுக்காரர் ஏணியில் இறங்கத் தொடங்கினார்.

"என்னங்க, எறங்காதீங்க!" என்று கத்தினேன்.

பொக்லைன்காரரும் கையை ஆட்டி ஏதோ சொன்னார். எஞ்சின் சத்தத்தில் இரண்டும் என் வீட்டுக்காரர் காதில் விழவில்லை. கல்லைத் தூக்கி வெளியே எறிந்தார். ஏணியைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

அப்போதுதான் ஓரம் சரிந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ஈரத்துணியை ஓங்கித் தரையில் போட்டதுபோல ஒரு சத்தம், அவ்வளவுதான். மண் அவரைத் தொடைவரை மூடியது. பலகை வழுக்கி, வண்டி குழியின் பக்கம் சாய்ந்தது. தொட்டி ஆடிக்கொண்டே வந்து நேராக அவர் தலைக்கு மேலே நின்றது. அதன் அடியிலிருந்து மழைநீர் சொட்டி அவர் நெற்றியில் விழுவதைப் பார்த்தேன். அவர் அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

பொக்லைன்காரர் இரண்டு கைகளாலும் லீவர்களைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது.

"அக்கா, வண்டி வழுக்குதுங்க! கீழ்ப்பக்கம் திருப்புனா கவுந்துரும். மேல்பக்கம் உங்க பாத்ரூம் நிக்குது, வெக்க எடமில்லீங்க!"

"பாத்ரூம் மேலயே வெய்யி!"

"இடிஞ்சு போயிருமுங்க!"

"இடியட்டும் தம்பி! வெய்யி!"

வண்டி முனகிக்கொண்டு திரும்பியது. ஒரு பக்கத்துச் சக்கரச் செயின் தரையை விட்டு எழும்பியது. நான் கண்ணை மூடவில்லை. மூடினால் அவர் போய்விடுவார் என்று தோன்றியது. தொட்டி குளியலறைமேல் இறங்கியது. ஷீட் நொறுங்கியது, சுவர் உள்ளே விழுந்தது, வெள்ளைத் தூசி எழும்பியது. கயிறு தளர்ந்ததும் வண்டி மெல்ல நிமிர்ந்து நின்றது.

லாரி டிரைவரும் நானும் குழிக்குள் இறங்கினோம். அவர் மண்வெட்டியால் தோண்ட, நான் கையால் மண்ணை வாரினேன். என் வீட்டுக்காரரின் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. ஒரு கால் வெளியே வந்ததும் அவர் என் தோளைப் பிடித்தார்.

"உள்ள டைல்ஸ்காரரு இருந்தாரே?"

அவரை நான் நினைக்கவே இல்லை. காலையில் நானே அவருக்கு டீ கொடுத்திருந்தேன்.

எப்படி மேலே ஏறினேன் என்று தெரியவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. அவர் நம்பரைத் தேடி அழைத்தேன்.

உடைந்த சுவருக்கு அடியிலிருந்து போன் அடித்தது.

பொக்லைன்காரர் வண்டியிலிருந்து குதித்து ஓடிவந்தார். இரண்டு பேரும் வாய்விட்டு அழுதுகொண்டே கற்களைப் புரட்டினோம். போன் அடித்துக்கொண்டே இருந்தது. "யா அல்லாஹ், யா அல்லாஹ்" என்பதைத் தவிர என் வாயில் வேறு வார்த்தை வரவில்லை. அவர் "முருகா, முருகா" என்றார்.

"அக்கா, என்னங்க ஆச்சு?"

திரும்பிப் பார்த்தேன். டைல்ஸ்காரர் பஜ்ஜிப் பொட்டலத்தோடு ரோட்டுப் பக்கத்திலிருந்து வந்து நின்றார். பசி எடுத்ததால் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறார். தொட்டியைப் பார்த்தார், அது உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார், அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பொக்லைன்காரர் அவர் தலையையும் தோளையும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரருக்குக் கணுக்கால் முறிந்திருந்தது. கட்டுப் பிரித்த பிறகு, மண் நன்றாகக் காய்ந்ததும் குழியின் பக்கங்களுக்குப் பலகை அடைத்து, யாரையும் அருகில் விடாமல் அதே பொக்லைன்காரர் தொட்டியை இறக்கினார். நான் பார்க்கப் போகவில்லை. அடுப்படியில் சுவரைப் பார்த்து நின்றிருந்தேன்.

"அக்கா, வெச்சாச்சுங்க. எல்லாரும் வெளியதான் இருக்கறோம்" என்று அவரே வந்து சொன்னார்.

குளியலறையை மறுபடி கட்டியபோதும் அதே டைல்ஸ்காரர்தான் வந்தார். தினமும் வேலை தொடங்குமுன் வாசலில் நின்று, "அக்கா, நான் உள்ள போறனுங்க" என்பார். "சரிங்க" என்று நான் சொல்லும்வரை நகரமாட்டார்.