கணவாயில் நாங்கள் வைத்த உண்டியல்

சித்தேரி மலைமேல் இருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு கம்ப்யூட்டர் வாங்கித் தரப்போகிறோம் என்று கிளம்பினோமே, அப்போது எங்கள் நாலு பேரில் ஒருத்தரும் கம்ப்யூட்டரைக் கண்ணால் கண்டதில்லை. எண்பதுகளின் நடுவில், தர்மபுரியில் காலேஜ் இரண்டாம் வருஷம். பேப்பரைத் திறந்தால் கம்ப்யூட்டர், வாத்தியார் வாயைத் திறந்தால் கம்ப்யூட்டர். முந்தின கோடையில் காலேஜ் முகாமுக்காக அந்தப் பள்ளிக்கூடத்தில் பத்து நாள் தங்கி, பாதைக்குக் கல் பொறுக்கிப் போட்டிருந்தோம். டவுன் பள்ளிக்கூடத்துக்கு டிவி மாதிரி ஒரு பொட்டி வருதாமே, எங்களுக்கெல்லாம் வராதா என்று அங்கே ஒரு குட்டிப்பெண் கேட்டாள். வரும் என்று சொல்லிவிட்டேன். என் வாய் அப்படி. முதலில் சொல்லிவிட்டு அப்புறம்தான் யோசிக்கும்.

எங்கள் லெக்சரர் ஒருவருடைய தம்பி பெங்களூரில் வேலையில் இருந்தார். அவர் ஆபீஸில் பழசு ஒன்றைக் கழித்துக்கட்டுகிறார்கள், ஒரு மாசத்துக்குள் பணம் கொண்டுவந்தால் உங்களுக்கு வாங்கித் தருகிறேன் என்றார். கடைத்தெருவில் டப்பா குலுக்கினோம். மலைக்கு நல்ல ரோடே இல்லை, கம்ப்யூட்டராம் என்று மளிகைக்கடைக்காரர் சிரித்தார். பஸ் ஸ்டாண்டில் எங்களைப் பார்த்ததுமே ஜனங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மூன்று வாரம் குலுக்கியதில் கைதான் வலித்தது.

தொப்பூர் கணவாய் என்று சொன்னது நான்தான். எங்கள் ஊர் அந்தப் பக்கம், தினமும் பஸ்ஸில் பார்க்கிற இடம். பெங்களூரிலிருந்து சேலம் போகிற லாரியெல்லாம் இறக்கம் ஆரம்பிக்கும் முன்னால் மேட்டில் ஒரு நிமிஷம் நிற்கும். அங்கே புளியமரத்தடியில் ஒரு முனியப்பன். கிளீனர் குதித்து ஓடிப்போய் உண்டியலில் காசு போட்டு, குங்குமத்தைக் கிள்ளிவந்து வண்டி முகப்பில் வைப்பான். முனியப்பனுக்குப் போடாமல் எந்த டிரைவரும் கணவாய் இறங்க மாட்டார். எத்தனை லாரி கவிழ்ந்த ரோடு அது! எங்கள் வூட்டில் மாதா படம்தான். முனியப்பன் எனக்கு மீசை வைத்த ஒரு கல், அவ்வளவுதான்.

லாரி நிற்கிற இடத்தில் நின்றால் நாலு காசு தேறும், இதுதான் என் கணக்கு. டப்பாவுக்கு மஞ்சள் துணி சுற்றலாம் என்றதும் நான்தான். பார்க்க லட்சணமாக இருக்கும் என்றேன். கோயில் உண்டியல் துருப்பிடித்து உள்ளே மரத்தோரமாகக் கிடந்தது. எங்கள் டப்பாவை டீக்கடை ஸ்டூல் ஒன்றின் மேல் ரோட்டோரமாக, முனியப்பனுக்கு நேர் எதிரே வைத்தோம். பக்கத்தில் அட்டையில் ‘மலைப்பள்ளி கம்ப்யூட்டர் நிதி’ என்று எழுதி நிறுத்தினோம். பூசாரி செவ்வாய், வெள்ளிதான் வருவார். நாங்கள் போனது புதனும் வியாழனும். தெரிந்தே நாள் பார்த்தாயா என்று யாராவது கேட்டால், இல்லை என்று சத்தியம் பண்ண இன்றைக்கும் எனக்குத் துணிச்சல் இல்லை.

முதல் லாரியிலேயே தெரிந்துபோயிற்று. கிளீனர் ஓடிவந்தான், அட்டையைத் திரும்பியும் பார்க்கவில்லை. மஞ்சள் துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான், காசைப் போட்டான், ஓடினான். அடுத்தவனும் அதையே செய்தான். அதற்கடுத்தவனும். பெரிய உண்டியல் பக்கம் ஒருத்தனும் போகவில்லை. எங்களில் ஒருத்தி பென்னாகரம் பக்கத்துக் குடியானவர் வூட்டுப் பெண். அவளுக்கு முகம் செத்துப்போயிற்று. என்னைத் தனியாக இழுத்துப்போய், "ஏடி, இது சாமி காசுடி. அவங்க நமக்குப் போடல" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "புள்ளைங்களுக்குப் போற காசும் சாமி காசுதான், போடி" என்றேன். பெரிய ஞானி மாதிரி! பையன்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நாங்கள் வழியில் இருந்த சாமியிடமிருந்தே எடுத்தோம். ஆனாலும் அவள் எழுந்து போகவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் வெங்காய மூட்டை ஏற்றின லாரி ஒன்று வந்து நின்றது. கிளீனர் பின்னால் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். டிரைவரே இறங்கி வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. டீக்கடைப் பானையில் தண்ணீர் மொண்டு முகம் கழுவி, சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டுதான் கிட்டே வந்தார். மற்றவர்கள் நாலணா போடுகிற இடத்தில் ஒரு முழு ரூபாய். போட்டுவிட்டு, எங்கள் டப்பா முன்னால் கண்ணை மூடிக் கைகூப்பி ரொம்ப நேரம் நின்றார். கண்ணைத் திறந்ததும் நான் பார்ப்பதைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தார். "வூட்டுல அவ நெறமாசம், பாப்பா. பொழுதுக்குள்ள சேலம் போயிரணும்" என்றார்.

அண்ணா, இது சாமி உண்டியல் இல்லைங்க, அது உள்ளே இருக்குதுங்க என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? எதற்கும் முந்துகிற என் வாய் அன்றைக்கென்று மூடிக்கிடந்தது. நல்லபடியாகப் போய்ட்டு வாங்கண்ணா என்று மட்டும் சொன்னேன். லாரி இறங்கியது. நான் அடுத்த லாரியைப் பார்த்துத் திரும்பினேன்.

கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து சத்தம் வந்தது. அது எப்படி இருந்தது என்று எழுத எனக்கு மனசில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் ஓடினார்கள், பையன்கள் இரண்டு பேரும் ஓடினார்கள். வளைவில் வெங்காய லாரி, பிரேக் பிடிக்கவில்லை என்று யாரோ கத்திக்கொண்டே மேலே வந்தார். நான் போய்ப் பார்க்கவில்லை. டப்பாவை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு தர்மபுரி பஸ்ஸில் ஏறிவிட்டேன். என் தோழி பக்கத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் அழுதாள். டிரைவர் அங்கேயே போய்விட்டார், கிளீனருக்குக் கால் முறிந்தது என்று மறுநாள் தெரிந்தது.

அந்த டப்பாக் காசையும் சேர்த்துக் கொடுத்து கம்ப்யூட்டர் வந்தது, அதையும் சொல்ல வேண்டும். கீபோர்டு வைத்த ஒரு தட்டைப் பொட்டி. டிவியோடு இணைத்து, டேப் ரிக்கார்டரில் கேசட்டை ஓடவிட்டால் வேலை செய்யும். துணியில் சுற்றி, மலை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனோம். ஹெட்மாஸ்டர் பொட்டிக்குக் குங்குமம் வைத்து சூடம் காட்டினார். பிள்ளைகள் வரிசையாக வந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் வெளியே வந்து சுவரோரமாக நின்றுகொண்டேன். உள்ளே ஒவ்வொரு பிள்ளையும் தன் பேரை அடித்து, அது டிவியில் வந்ததும் கைதட்டுகிற சத்தம் கேட்டது. கேள்வி கேட்ட குட்டிப்பெண் வெளியே ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். தலைவலி என்று பொய் சொன்னேன்.

அதற்கப்புறம் பஸ் அந்த மேட்டைத் தாண்டும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வேன். மூடினால் அந்த ஆள் முகம் கழுவிக்கொண்டு வந்து நிற்பார், திறந்தால் முனியப்பன். எங்கள் மாதா கோயிலில் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிரேக் போனதற்கும் உண்டியலுக்கும் என்னம்மா சம்பந்தம், இது மூடநம்பிக்கை, பரிகாரமாக மாதாவுக்கு மூன்று அருள்நிறை மந்திரம் சொல் என்று அனுப்பிவிட்டார். சொன்னேன். முப்பது சொன்னேன். முனியப்பனை நான் நம்பவே இல்லை, ஆனாலும் பயம் போகவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், எனக்குப் பிறாண்டியது.

மூன்று மாசம் போனபின் ஒரு நாள் காலையில் அந்த மேட்டில் இறங்கினேன். மரத்தோரத்து உண்டியலில் ஒரு ரூபாய் போட்டுவிட்டால் தீர்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, போட்டும்விட்டேன். திரும்பினால், டீக்கடைக்காரர் என்னைக் கைகாட்டி ஒரு பெண்ணிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தோளில் பச்சைக்குழந்தை. வெறும் நெற்றி. யாரென்று எனக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

கிட்டே வந்து, அன்றைக்கு இங்கே உட்கார்ந்திருந்த காலேஜ் பிள்ளை நீங்கள்தானா என்று கேட்டார். தலையாட்டினேன். புருஷன் வூட்டில் அவரை வாழவிடவில்லையாம். பொண்டாட்டியைப் பார்க்கிற அவசரத்தில் முனியப்பனுக்குப் போடாமல் இறங்கிவிட்டான், இவளால்தான் செத்தான் என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லிவிட்டாராம். பிறந்த குழந்தையை அப்பனை முழுங்கினது என்கிறார்களாம், ஒருத்தரும் கையில் வாங்குவதில்லையாம். கயிறு கட்டிக்கொண்டிருந்த கிளீனர், தான் பார்க்கவில்லை, காலேஜ் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள் என்று சொன்னாராம். அதற்காக மூன்றாவது தடவையாக சேலத்திலிருந்து வந்திருக்கிறார்.

"அவரு காசு போட்டாருங்களா?" என்றார். என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போதாவது சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. சொல்லியிருந்தால் எல்லாப் பழியும் என் தலையில் வந்து இறங்கியிருக்கும், அந்த அம்மாவும் குழந்தையும் தப்பித்திருப்பார்கள், முனியப்பனும்தான். எனக்குத் தைரியம் வரவில்லை.

"போட்டாருங்கக்கா. ஒரு ரூபா போட்டாரு. கண்ண மூடிக் கும்பிட்டாரு" என்றேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அந்த அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். குழந்தையின் காதில், உங்கப்பா போட்டுட்டுத்தான் போனாரு கண்ணு, போட்டுட்டுத்தான் போனாரு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். டீக்கடைக்காரரிடம், நீங்களும் கேட்டீங்கதானே, எங்க மாமியார்கிட்ட வந்து சொல்வீங்களா என்றார். அவர் சரி என்றார். அப்புறம் அந்த அம்மா எழுந்து என் கன்னத்தைத் தடவி, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தினார். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு முனியப்பன் முன்னால் போய் நின்றார்.

"வாங்கிட்டியே. வாங்கிக்கிட்டுத்தானே அவர விட்டுட்ட" என்றார். கத்தவில்லை. குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரி அந்த முகத்தில் தூற்றினார். மறுபடி வாரினார், மறுபடி தூற்றினார்.

நான் அவர் குழந்தையை ஏந்திக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். ஒரு பொட்டு மண்கூட என் மேல் படவில்லை.