ஒன்பது கே.பி. கடல்

கலர் திரை போன்கள் ராயபுரத்துக் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வந்து உட்கார்ந்த புதிது. திருவொற்றியூரில் ஒரு மருந்துக்கடை மாடியில், ஒற்றை அறையில், நானும் என் தோழியும் போனில் விளையாடும் கேம்களைச் செய்துகொண்டிருந்தோம். புரோகிராம் எழுதுவது நான், படம் வரைவது அவள். கம்பெனி என்று சொன்னால் மூன்று கம்ப்யூட்டர், ஒரு முதலாளி, ஒரே ஒரு போன். போன் முதலாளியின் மேசை இழுப்பறையில் கைக்குட்டைக்குள் சுற்றியிருக்கும்.

என் அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். எனக்கு வேலை கிடைத்த அன்று அம்மாவிடம், "போன்ல வெள்ளாடறதுக்கு சம்பளம் குடுக்குறாங்களாம்மே. எனக்கும் ஒரு சீட்டு கீதான்னு கேட்டு சொல்லச் சொல்லு" என்றார். நாலு நாள் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அப்போது நாங்கள் செய்தது ஒரு படகு கேம். மீன் பிடித்துக்கொண்டே ஒரு துறைமுகத்திலிருந்து அடுத்த துறைமுகத்துக்குப் போக வேண்டும். மொத்தம் ஐந்து துறைமுகம். ஒவ்வொன்றுக்கும் பின்னணியாக என் தோழி ஒரு கடல் வரைந்தாள். போன் திரையைப் போல நான்கு மடங்கு நீளம். படகு போகப் போக அந்தப் படம் பின்னால் நகரும். கிரேன்கள், புகைபோக்கிகள், கரையில் ஒரு கூட்ஸ் வண்டி. அவள் கூட்ஸ் யார்டு இருக்கும் கொருக்குப்பேட்டைக்காரி, கூட்ஸ் வண்டி இல்லாமல் அவளுக்கு உலகமே வரையத் தெரியாது.

கம்ப்யூட்டரில் எல்லாம் வெண்ணெயாக ஓடியது. போனில் ஏற்றினோம். முதல் துறைமுகம் அருமை. இரண்டாவதற்குள் படகு மூக்கை நீட்டியதும் திரை வெள்ளையாகி, கேமே மூடிக்கொண்டது. பத்து தடவை ஓட்டினோம், பத்து தடவையும் அதே இடத்தில் அதே வெள்ளை.

"உன் படம் பெருசு" என்றேன்.

"எம்படமா? இங்க வந்து பாருடி, ஒம்போது கே.பி. ஒம்போதே ஒம்போது. நீ எழுதனதுல தான் இன்னாவோ கோளாறு கீது."

சண்டை மதியச் சாப்பாடு வரை போயிற்று. சாப்பிட்டுவிட்டு வந்து ஒரு காரியம் செய்தேன். போனில் எவ்வளவு மெமரி மிச்சமிருக்கிறது என்பது திரையின் மூலையில் எண்ணாக ஓடும்படி நாலு வரி எழுதினேன். மறுபடி ஓட்டினோம். கடல் வருவதற்கு முன் நூற்றுத்தொண்ணூறு கே.பி. மிச்சம். கடல் வந்தது. அறுபத்திரண்டு.

அவள் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். "நூத்தி இருபத்தெட்டு பூட்ச்சு! யாருடி துன்னா?"

ஒரு பில்லின் பின்பக்கத்தில் பெருக்கிப் பார்த்தேன். அகலம் ஐந்நூற்றுப் பன்னிரண்டு புள்ளி, உயரம் நூற்று இருபத்தெட்டு. ஒரு புள்ளிக்கு இரண்டு பைட். சரியாக நூற்று இருபத்தெட்டு கே.பி. அப்போதுதான் புரிந்தது. ஃபைலில் படம் மடித்து வைத்த புடவை மாதிரி சின்னதாக இருக்கிறது. ஆனால் மடித்தபடியே இருந்தால் போன் அதைக் காட்டாது, முழுசாக விரித்தாக வேண்டும். விரித்தால் ஒவ்வொரு புள்ளியும் தன் இடத்தைக் கேட்கும்.

"வெறும் நீலமா இருக்குற எடத்துக்குமா?"

"வெறும் நீலத்துக்கும்."

"இது அநியாயம்" என்றாள், யாரோ அவள் வீட்டுத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிப் போய்விட்ட மாதிரி.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் என் குற்றமும் அந்தப் பில்லிலேயே தெரிந்தது. முதல் கடலைக் கையிலிருந்து விடாமலேயே இரண்டாவது கடலை நான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு கடலுக்கு அந்தப் போனில் ஏது இடம்? ஒப்புக்கொண்டேன். அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

பழையதை விட்டுவிட்டுப் புதியதைக் கூப்பிடும்படி மாற்றினேன். படகு இரண்டாவது துறைமுகத்துக்குள் போயிற்று! நாங்கள் குதித்த குதியில் கீழே மருந்துக்கடைக்காரர் ஒட்டடைக் கம்பால் கூரையை இடித்தார். அவர் இடித்து முடிப்பதற்குள் மூன்றாவது துறைமுகத்தில் மறுபடி வெள்ளை. மெமரி மிச்சமிருந்தது, ஆனால் அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சமாகச் சிதறிக் கிடந்தது. கடலுக்கு வேண்டியதோ ஒரே நீட்டு இடம்.

வேறு வழியில்லை. கடலைச் சின்னச் சதுரங்களாக வெட்ட வேண்டும், ஒரே அலைச் சதுரத்தைத் திரும்பத் திரும்ப அடுக்கிக் கடலாக்க வேண்டும் என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. "ஒரு வாரமா கண்ணு வலிக்க வரைஞ்சது. துண்டு போடச் சொல்றியா?" என்றாள்.

மறுநாள் காலை எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். திரையில் இருபது சதுரங்கள். அலைக்கு மூன்று, வானத்துக்கு இரண்டு, கிரேனுக்கு நான்கு, கூட்ஸ் வண்டிக்கு இரண்டே இரண்டு. "இந்த ரெண்ட வச்சு எத்தினி பெட்டி வேணாலும் கோத்துக்கலாம். உங்க ஊரு எண்ணூர் வரிக்கும் இஸ்துகினு போவலாம்!"

அடுக்கினேன். ஓட்டினேன். மூலையில் எண்: நூற்று எண்பது. முழுக் கடலும் கண் முன்னால் ஆடுகிறது, போனது பத்தே கே.பி.

அதற்குப் பிறகு எங்களுக்குக் கொஞ்சம் பித்துப் பிடித்தது என்றுதான் சொல்ல வேண்டும். இவ்வளவு இடம் கிடக்கிறதே என்று ஜெல்லிமீன் போட்டோம். காக்கை போட்டோம். படகின் மேல் காயப்போட்ட லுங்கி போட்டோம். ஒரு ஆடு படகில் ஏறிக்கொண்டது, ஏன் என்று இன்றுவரை தெரியாது. ஒவ்வொன்றைச் சேர்த்ததும் எண்ணைப் பார்ப்போம். நூற்று எழுபத்தொன்பது. நூற்று எழுபத்தெட்டரை. "இன்னும் கீதுடி, இன்னும் கீது!"

சனிக்கிழமை அரை நாள். முதலாளி பெரிய மனது பண்ணி, ஞாயிறு வரை ஓட்டிப் பார்க்கச் சொல்லிப் போனைக் கொடுத்தார். கொருக்குப்பேட்டையில் அவள் வீட்டில் சாப்பாடு என்று ரயில் ஏறினோம். பெண்கள் பெட்டியில் கருவாட்டுக் கூடைகளோடு ஏழெட்டு அக்காக்கள். எதிரே இருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாமே அது?"

"படகு கேமு அக்கா. இந்த பட்டன அமுக்குனா வல போவும்."

"குடு."

கொடுத்தேன். கொருக்குப்பேட்டைக்கு முன்னால் சிக்னலில் வண்டி நின்றது. ஒரு கூட்ஸ் போக வேண்டுமாம். கூட்ஸ் வருவதாக இல்லை. போன் கைமாறியது. ஒருத்தர் ஆட, நாலு பேர் தோள் மேல் சாய்ந்து கத்தினார்கள். "இஸ்து வுடு! அய்ய, பெரிய மீனு பூட்ச்சே!" "ஏய், அது இன்னா, போட்ல ஆடு கீது?" முதலில் வாங்கிய அக்கா மட்டும் முகத்தைச் சுளித்தார். "லுங்கி பறக்குது பாரு, காத்து இந்தப் பக்கத்துலேர்ந்து அட்சா அல எப்டிமே அந்தப் பக்கத்துலேர்ந்து வரும்? யாரு செஞ்சது இத?"

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன். மீனவன் மகள் என்று எப்படிச் சொல்வது?

வண்டி கிளம்பிக் கொருக்குப்பேட்டையில் நின்றபோது போன் பெட்டியின் மறுகோடியில் இருந்தது. "யக்கா, போனு!" என்று என் தோழி கத்த, "இரும்மே, அஞ்சாவது தொறமுகம்" என்று பதில் வந்தது. நாங்கள் கூடைகளைத் தாண்டிப் போய்ச் சேருவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. வண்ணாரப்பேட்டையும் போனது. ராயபுரத்தில்தான் போன் கைக்கு வந்தது. பிளாட்பாரத்தில் இறங்கித் திரையின் மூலையைப் பார்த்தோம். முக்கால் மணி நேரம், பத்துப் பதினைந்து கை, ஐந்து துறைமுகமும் மாறி மாறி. நூற்று எழுபத்தைந்து! ஒரு வெள்ளைத் திரை இல்லை. இப்படியொரு சோதனையை நாங்களாக ஒருநாளும் செய்திருக்க மாட்டோம். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்திலேயே சுற்றினாள். பார்த்தவர்கள் பரீட்சையில் பாஸ் என்று நினைத்திருப்பார்கள்.

திங்கட்கிழமை முதலாளி போனை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். "இன்னாம்மா, போன்ல கருவாட்டு வாட அடிக்குது?" நாங்கள் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னோம். திட்டப் போகிறார் என்று பார்த்தால், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஐந்து துறைமுகமும் ஆடி முடித்தார். ஆட்டை எடுக்கச் சொன்னார், முடியாது என்றோம். சரி, இருக்கட்டும் என்றார். அலை வரும் திசையை மட்டும் நான் மாற்றினேன். ஒரு கூட்டல் குறியைக் கழித்தல் ஆக்கினால் போதுமாயிருந்தது. அன்று சாயந்திரமே, கேம்களை விலைக்கு வாங்கும் போன் கம்பெனிக்கு அனுப்பிவிட்டோம். மூன்றாம் நாள் 'எடுத்துக்கொள்கிறோம்' என்று ஒற்றை வரியில் பதில் வந்து நாங்கள் மறுபடி குதித்தபோது மருந்துக்கடைக்காரர் கம்பை எடுக்கவில்லை. மேலே ஏறி வந்து, என்ன விசேஷம் என்று கேட்டு, அவரும் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போனார்.