தாங்கி மூடியில் ஒரு சின்னத் திருகு

இன்று காலை உட்துறைமுகத்தின் நடுவே ரவூப்பின் படகு எஞ்சின் நின்றுவிட்டது. நேற்று அதன் காபரேட்டருக்கு, எண்ணெய் பாயும் துளையான ஜெட்டைப் பெரிதாகப் போட்டு டியூன் செய்தவன் நான்.

என் வீட்டில், தண்ணீர்ப் பீப்பாவில் வைத்து ஓட்டியபோது நன்றாகத்தான் ஓடியது. கடலிலும் பார்ப்போம் என்று அவர் அழைத்ததால் ஏறினேன்.

துடுப்பு கரையில் கிடந்தது. ஒரு சரக்குக் கப்பல் எங்கள் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

"பழைய ஜெட்டோட நல்லாத்தானே ஓடின மாஸ்டர்," என்றபடி ரவூப் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

பிழை என்னுடையதுதான் என்று நினைத்து, ஜெட்டைக் கழற்ற ஸ்க்ரூட்ரைவரை எடுத்தேன். கப்பல் ஊதியது.

"கழட்டாதீங்க மாஸ்டர். கடல்ல விழுந்தா சுழியோடித்தான் எடுக்கணும்."

அப்போதுதான் மண்ணெண்ணெய்த் தாங்கியைப் பார்த்தேன். மூடியிலுள்ள காற்றுத் திருகு இறுகப் பூட்டியிருந்தது. காற்று உள்ளே போகாமல் எண்ணெய் வெளியே வராது. திறந்ததும் 'உஸ்' என்றது. மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது. நாங்கள் விலகிய பிறகே கப்பலின் அலை வந்து படகைத் தூக்கியது.

"மாஸ்டர்ட கை பட்டா எஞ்சினும் சொல்வழி கேக்கும்," என்று கரையில் எல்லோரிடமும் ரவூப் சொன்னார்.

எஞ்சினையும் தாங்கியையும் ஆட்டோவில் கொண்டுவந்தபோது எண்ணெய் சிந்தக்கூடாதென்று அந்தத் திருகைப் பூட்டியவனும் நான்தான். அதைச் சொல்லாமல் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் குறிப்புப் புத்தகத்தில் எஞ்சின் டியூன் செய்யப் பதினான்கு படிகள் உண்டு. காற்றுத் திருகைத் திறப்பது மட்டும் இல்லை.

ரவூப்பின் மகள் இந்தப் பதிவை வாசிப்பாள். வாப்பாவிடம் நீயே சொல்லிவிடு, மகள்.

மற்றவர்கள், நாளை நான் அவர் கண்ணில் படாமல் போக, அவர் வராத தெரு எது என்று கீழே எழுதுங்கள்.